வெறும் கிளாஸின் வாசனை

தம்பி,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அப்பா படையலுக்கு நான் வாங்கியாந்த விஸ்கி எப்பிடிம்மா இருந்துச்சு? கல்யாணத்துக்கு வர்ற ஃபிரண்ட்ஸுக்கு அதையே ரெண்டு பெட்டி சொல்லிடட்டுமா?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு சொட்டுகூட நாக்கில் படாத பொம்பளையிடம் போய் விஸ்கிக்கு நற்சான்று கேட்கிற பிள்ளை, இந்த விழுப்புரத்தில் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். ஆனாலும் சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட நர்ஸ் நான். ஸ்பிரிட் வாசனை என் விரலிலேயே ஊறிப்போனது. போதாததற்கு உங்கப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் வேறு நடத்தியிருக்கிறேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் "தனியா இருந்து இருந்து உனக்கு இப்பிடியெல்லாம் தோணுது" என்று பாதியிலேயே ஆரம்பித்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கப்பாவைக் குடிகாரர் என்று யாரும் சொல்ல முடியாது. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு சின்ன கிளாஸ், அதோடு சரி. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான், ரிட்டையர் ஆன பிறகும் அப்படித்தான். சனிக்கிழமை பகலெல்லாம் கெடாரில் நம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார். கேட்டுக் கொண்டி டக்கென்று விழும். வாசலில் சரக் சரக்கென்று வேகமாகச் செருப்புச் சத்தம் வரும். கை கால் கழுவிக்கொண்டு ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் குடிப்பார். குடித்து முடித்த கிளாஸைக் கழுவ விடமாட்டார். ஜன்னல் கட்டையில் அப்படியே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்கு முன்னால் அதை எடுத்து மூக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு என்னிடமும் நீட்டுவார்.

"குடிக்கிறப்ப எல்லாச் சரக்கும் நல்லாதான் பேசும். காலையில வெறுங்கிளாஸு இன்னா பேசுதுன்னு பாரு," என்பார்.

நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் முகர்ந்தும் பார்ப்பேன். நல்ல சரக்காக இருந்தால் அந்தக் காலி கிளாஸில் மழையில் நனைந்த மரத்தின் வாசனை இருக்கும். அடியில் கொஞ்சம் காய்ச்சின வெல்லம், கொஞ்சம் வறுத்த தானியம். மட்டமான சரக்கு என்றால் ஒன்றுமே இருக்காது, அல்லது நகப்பூச்சு நெடி அடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆவணியில் அவர் போனபோது பீரோவில் ஒரு பாட்டில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பெங்களூருக்குக் கிளம்பின பிறகு வந்த சனிக்கிழமை, விளக்கை ஏற்றிவிட்டு என் பாட்டுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. கை தானாக வைத்தது. வைத்துவிட்டுத் திரும்பினபோது கேட்டுக் கொண்டி டக்கென்று விழுந்தது. வாசலில் சரக் சரக். எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. காற்று என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு அதே சத்தம். நாய் தள்ளியிருக்கும் என்று தேங்காய் நார்க் கயிற்றால் கொண்டியைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மூன்றாவது வாரம் கயிறு கட்டினபடியே இருந்தது, கொண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயம் வரவில்லை தம்பி. புருஷன் வீட்டுக்கு வருவதில் பயப்பட என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் கிளாஸில் இருந்ததைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு முகர்ந்து பார்த்தேன். மரம் இருந்தது, வெல்லம் இருந்தது. அதோடு அவர் சட்டைக் காலரின் வாசனையும் இருந்தது. அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் உன் கல்யாணப் பேச்சு வேகம் பிடித்தது. நம் பக்கத்துப் பிரம்மதேசத்துப் பெண்ணை நீயே பார்த்துச் சொன்னாய், எனக்கும் பிடித்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை. பங்குனியில் கிளம்பியாக வேண்டும், அதனால் தையில் கல்யாணம் என்றார்கள். அப்பா போன வருஷம் திரும்பாமல் வீட்டில் மேளம் கொட்டக் கூடாதே என்று உன் பெரியப்பா இழுத்தார். அதற்குத்தான் நம் ஊரில் எப்போதும் ஒரு வழி இருக்கிறதே. வருஷத் திவசத்தை முன்கூட்டியே முடித்துவிட்டால், வருஷம் முடிந்த கணக்குத்தான். எத்தனையோ வீடுகளில் செய்கிறார்கள், எங்கள் வீட்டிலேயே என் தங்கை கல்யாணத்துக்குச் செய்திருக்கிறோம். நானும் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

கார்த்திகையில் அந்தச் சடங்கு நடந்தபோது நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். ஐயர் ஒவ்வொரு மாசமாகப் பேர் சொல்லிச் சொல்லி உன்னைப் பிண்டம் பிடித்து வைக்கச் சொன்னார். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று வரிசையாகப் போனார். இன்னும் வராத மாசத்தையெல்லாம் வந்துபோனதாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆடி என்று அவர் சொன்னபோது வெளியே கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. உன் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லி வயசான மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது மாதிரி எனக்கு இருந்தது. உட்கார்ந்த இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஐயர் நிமிர்ந்து, அவர் முன்னோர்களோடு சேர்ந்துவிட்டார், இனி நல்ல காரியம் பேசலாம் என்றார்.

அப்புறம் படையல். இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். நீ பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தாய். அது பாட்டில் பெட்டி மாதிரியே இல்லை, நகைப் பெட்டி மாதிரி இருந்தது. மரப் பெட்டி, உள்ளே வெல்வெட், பாட்டில் கழுத்தில் அரக்கு முத்திரை, பாட்டிலோடு ஒரு அட்டையில் கதை வேறு. பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்தால் வருகிற பக்குவத்தை, சூட்டாலும் சத்த அலையாலும் மரத்துண்டுகளாலும் சில நாளிலேயே கொண்டுவந்துவிடுகிறார்களாம். உன் ஆபீஸில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள் என்றாய், போனைத் திறந்தாலே அதன் விளம்பரம்தான் என்றாய். உன் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். அப்பாவுக்கு உசத்தியாக ஒன்று வாங்கித்தர அவர் உயிரோடு இருந்தபோது உனக்கு நேரம் கிடைக்கவில்லை, இப்போதாவது முடிந்ததே என்கிற சந்தோஷம் அது என்று எனக்குத் தெரியும். ஜன்னல் கட்டையிலிருந்த அவருடைய கிளாஸிலேயே ஊற்றி வைத்தாய். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கூடத்தில் நின்றோம். நம் வழக்கப்படி, அவர் வந்து பார்த்துப் போகட்டும் என்று. திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டீர்கள். பிரமாதம் என்றீர்கள். பெரியப்பா இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நீ பஸ் ஏறின பிறகு, கழுவாமல் கிடந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. உன் கிளாஸ், பெரியப்பா கிளாஸ் எதிலும் இல்லை. அப்பாவுடைய கிளாஸ் புதிதாகக் கடையிலிருந்து வந்த கிளாஸ் மாதிரி இருந்தது. சரி, சரக்கின் லட்சணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தேன். துவைக்காமல் வைத்திருந்தேனே அவருடைய பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, அதை எடுத்து முகத்தில் வைத்தேன். முந்தின வாரம்வரை வேர்வையும் மண்ணும் விபூதியுமாக அவர் வாசனை அதில் அப்படியே இருந்தது. இப்போது வெறும் துணியாக இருந்தது. பல வருஷம் மூட்டை கட்டி வைத்த துணி மாதிரி. விஸ்கியில் வாசனை இல்லையென்றால் அதைச் செய்தவனைக் குறை சொல்லலாம், சட்டையை யார் என்ன செய்தார்கள்?

அன்று சாயங்காலமே கொண்டி விழுந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. மறுநாளும் விழுந்தது, அதற்கு மறுநாளும். நான் கிளாஸ் எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வர ஆரம்பித்தார். ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளையும் அவசர அவசரமாக வந்து தீர்த்துவிட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியனுப்பின மாதிரி. முதலில் அதே சரக் சரக்தான். பிறகு நடை கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் சில நாள் போனதும் ஒரு கால் இழுபட ஆரம்பித்தது. கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நிற்கிறார், மூச்சு வாங்குகிறார், பிறகு ஒரு காலை எடுத்து வைக்கிறார். சாகிற அன்றைக்குக்கூட உங்கப்பா பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினவர். இப்போது என் வாசலில் நடக்கிறவருக்கு எண்பது வயசுக்குக் குறையாது. தம்பி, அவருக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. செத்துப்போன பிறகு, அதுவும் இவ்வளவு வேகமாக.

எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் திண்டிவனத்திலிருந்து உன் மாமாவை வரச்சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மருமகன் வாங்கின விஸ்கி மிச்சம் இருக்கிறது, நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல் என்றேன். இதற்கு அவன் வராமல் இருப்பானா? பகலிலேயே பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டான். இரண்டு எவர்சில்வர் டம்ளரில், ஒன்றில் உன்னுடையது, ஒன்றில் அப்பாவுடைய பழைய பாட்டிலிலிருந்து, எது எதென்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரில் நிறமும் தெரியாது, பாட்டிலும் கண்ணில் படாது. உன்னுடையதை வாயில் வைத்ததும் புருவத்தைத் தூக்கினான், நல்லாயிருக்குதே என்றான். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தான். தச்சுப்பட்டறையில் புதிதாக அறுத்த பலகை மாதிரி இருக்கிறது என்றான். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் முகர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அப்பாவுடையது முதல் வாயில் அப்படியொன்றும் ஜம்பமாக இல்லையாம். ஆனால் நேரம் ஆக ஆகக் கையை விட்டுப் போகவே இல்லை.

"இது வேஷம் நல்லாத்தான் கட்டிகினு வந்துகீதுக்கா," என்று உன்னுடைய டம்ளரைக் காட்டிச் சொன்னான். "ஆனா வுட்டா போய்டுது. நிக்க மாட்டுது."

அந்தப் பேச்சோடு பேச்சாக இருட்டத் தொடங்கியது. நான் விளக்கை ஏற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய் நின்றேன். கொண்டி விழுந்தது. மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"அக்கா, யாரோ வர்றாங்க பாரு. ரொம்ப வயசானவரு போல, கால இழுத்துகினு வர்றாரு. போய்க் கையப் புடி."

நான் போகவில்லை. அவனே எழுந்து போய்க் கதவைத் திறந்தான். வாசலில் யாரும் இல்லை. கேட்டில் கயிறு கட்டியிருந்ததையும் பார்த்தான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. டம்ளரைத் தொடவில்லை. காலையில் போகலாம் என்று வந்தவன் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அவனைக் கேட்டால் சொல்வான், சொல்லாமல் மழுப்பினாலும் அவன் முகம் சொல்லிவிடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த விஸ்கி மோசமில்லை. உன் பணத்தைக் குப்பையில் போட்டதாக நான் சொல்லமாட்டேன். சூடு காட்டினால் மரம் சீக்கிரம் சாறு விடும், நிறம் ஏறும், காரம் கொஞ்சம் அடங்கும். அதெல்லாம் நிஜம்தான். நம் ஊர் வெயிலில் பீப்பாயே குளிர் தேசத்தைவிடச் சீக்கிரம் பழுக்கும் என்று உங்கப்பாவே சொல்லியிருக்கிறார். ஆனால் பீப்பாயில் கோடையும் மழையுமாகக் கிடந்து, மரம் இழுத்து மரம் விட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் காற்றோடு போய், போனது போக மிஞ்சுகிறது பார், அதைச் சத்தம் போட்டு வரவழைக்க முடியாது. அதனால் வாங்குவதென்றால் இப்படி வாங்கு. அட்டையில் இத்தனை வருஷம் வைத்திருந்தோம் என்று எழுதியிருக்கிறதா, இத்தனை வருஷம் வைத்த மாதிரி என்று எழுதியிருக்கிறதா என்று நின்று படி. மாதிரி என்று போட்டிருந்தால் அது இளசு, இளசுக்கு உண்டான விலையைத்தான் கொடுக்க வேண்டும். மரப் பெட்டியும் அரக்கும் வெல்வெட்டும் வயிற்றுக்குள் போகாது. நிறத்தைப் பார்த்து மயங்காதே, காய்ச்சின சர்க்கரையில் எந்த நிறமும் வரும். பேர் தெரியாமல் டம்ளரில் ஊற்றிச் சாதாரண பாட்டிலோடு வைத்துக் குடித்துப் பார். அப்போதும் பிடித்திருந்தால், சாதாரண பாட்டில் விலைக்குக் கிடைத்தால், உன் நண்பர்களுக்குத் தாராளமாக வாங்கு. மண்டபத்து லாட்ஜில் கூத்தடிக்கிற பிள்ளைகள் யாரும் காலையில் வெறும் கிளாஸை முகர்ந்து பார்க்கப் போவதில்லை.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் முன்னோருக்குப் போடுகிறோமே படையல், அதில் அந்தப் பாட்டிலை வைக்காதே. அவர் முன்னால் அதை இனி கொண்டுவராதே. அவரை ஒரு தடவை ஓடவிட்டது போதும்.

கல்யாணம் தையிலேயே நடக்கட்டும். அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள், நாள் தள்ளிப்போடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். மேளம் கொட்டும்போது முன்வரிசையில் நிற்பேன். ஆனால் கல்யாணம் ஆனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிடு என்கிறாயே, அது நடக்காது. ஆவணி திரும்புகிறவரை நான் இங்கேதான் இருப்பேன். உங்களுக்கு வருஷம் முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. அவருக்கும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று நாம்தான் அவரிடம் சொல்லிவிட்டோம், அவர் பாவம் நம் பேச்சைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கிறார். மிச்ச மாசங்களை ஒவ்வொன்றாக, அது வருகிறபடி வரவிட்டு நான் கழித்துத் தருகிறேன். இன்னொன்றும் கேட்கிறேன். நீ இன்னும் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை, திவசத்திலும் அழவில்லை. "ரொம்ப நாளாயிட்ட மாதிரி இருக்கும்மா" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். உன்னையும் அல்லவா ஓடவிட்டுவிட்டோம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை தனியாக வா. போனை அணைத்துவிட்டு ஜன்னலோரம் சும்மா உட்கார்.

நேற்று அவர் வந்தபோது நான் கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் போய் நின்றேன். இழுபடுகிற கால் சத்தம் பாதி வழியில் நின்றது. மூச்சு வாங்குவது எனக்கு நேராகக் கேட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவரோடு பேசினேன்.

"என்னாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. வருஷம் முடியல, நாங்கதான் தப்பா சொல்லிட்டோம். தினமும் வராதீங்க. சனிக்கிழமை மட்டும் வாங்க. நான் எங்கியும் போவல, இங்கதான் இருப்பேன்."

திரும்பிப் போகிற சத்தம் கேட்கவில்லை. குளிர் மட்டும் கொஞ்ச நேரம் படியிலேயே இருந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் இதை எழுத உட்கார்ந்தேன், எழுதிக்கொண்டே பாதியில் எழுந்து விளக்கேற்றிவிட்டு வந்தேன். அவர் வருகிற நேரம் வந்து போய்விட்டது. கொண்டி விழவில்லை. வாசலில் ஒரு சத்தமும் இல்லை. சொன்னதைக் கேட்டுத்தான் வரவில்லையா, இல்லை வருவதற்கு அவரிடம் இனி ஒன்றும் மிச்சம் இல்லையா, எனக்குத் தெரியவில்லை. பழைய பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நாளைக்கு அதிலிருந்து ஊற்றுவேன். கிளாஸைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டேன். கேட்டில் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

அம்மா